நின்றுபோன சுவர்க் கடிகாரம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, தமிழ்நாட்டின் எல்லை முடிவதற்குச் சற்று முன்னால் ஆரம்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால், பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று நம்மை எதிர்கொள்ளும். அந்தக் காற்றுப் படும் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரிலே, சுவாமி படங்களுக்குப் பக்கத்தில், மரக்கூண்டும் கண்ணாடிக் கதவும் பெண்டுலமுமாக ஒரு மணியடிக்கும் கடிகாரம், என்றோ நின்றுபோன நேரத்தையே காட்டிக்கொண்டு தொங்குமானால், அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடத் தீர்மானிப்பதற்கு முன்னால் நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். அப்படி நின்றவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் முடியவில்லை. அவை அழுக்கினாலும் தவறான எண்ணெயினாலும் சுவரின் கோணலினாலும் நோயுற்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

பெண்டுலம் இந்த ஏரிக்கரைக்கு முற்றிலும் அந்நியமான வஸ்துவும் அன்று. ஊசலின் சீரான ஆட்டத்தைக் கடிகாரத்தோடு முதன்முதலில் இணைத்தவர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி; ஆண்டு 1656. அந்த ஆண்டில் அவருடைய தேசத்து வணிகர்கள் பழவேற்காட்டிலே, 1613-இல் எழுந்த ஜெல்டிரியா கோட்டையிலிருந்து, தங்களுடைய சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதையும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நம் வீடுகளுக்கு வந்த மணிக் கடிகாரங்களில் பல ஜெர்மனியிலும், அமெரிக்காவிலும், ஜப்பானிலும் செய்யப்பட்டவை. எட்டு முனை நட்சத்திர முத்திரையோடு கூடிய ஜெர்மானிய யுங்ஹன்ஸ் கடிகாரம் ஒன்றை ஏரிக்கரை வீடொன்றில் திறந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அச்சுகள் சுழலும் துளைகளிலெல்லாம் கருமையான பிசின் போன்ற ஒன்று இறுகிக் கிடந்தது. அது வேறொன்றுமில்லை, பல ஆண்டுகளாக அன்போடு ஊற்றப்பட்ட தேங்காயெண்ணெய். ஊற்றிய அன்றைக்குக் கடிகாரம் உற்சாகமாக ஓடும். நாளடைவில் அந்த எண்ணெய் தூசியையும் உப்பையும் சேர்த்துப் பிடித்து, வில்லின் பலத்தையெல்லாம் தானே விழுங்கிவிடும்.

பிரித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. உள்ளே சுருள்வில் இரண்டு உண்டு. முகப்பின் வலப்பக்கத் துளையில் கொடுக்கும் சாவி வழக்கமாக முட்களை ஓட்டும் வில்லுக்கும், இடப்பக்கத்தது மணியடிக்கும் வில்லுக்கும் உரியது. இரண்டையும், சாவியை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, தடுப்பு நாக்கை நீக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்தி முடிக்காமல் தகட்டின் திருகாணியைத் தொடவே கூடாது. முறுக்கேறிய வில் ஒரே கணத்தில் விடுபட்டால் சக்கரத்தின் பற்களும் முறியும், விரலும் முறியும். பிறகு பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கைச் சீவி ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திருகி, ஈர்க்கின் நுனி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்து உலர்த்தி, கடிகார எண்ணெயை ஊசிமுனையில் எடுத்துத் துளைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக வைத்தால் போதும். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் வேண்டாம். துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மாத்திரம் துளைக்குப் புது வளையம் (புஷ்) போடத் தேர்ந்த கடிகாரக்காரரிடம் போகவேண்டும்.

மீண்டும் பூட்டிச் சுவரில் மாட்டிய பிறகு கண்ணைவிடக் காதே சிறந்த கருவி. 'டிக்' என்பதற்கும் 'டாக்' என்பதற்கும் இடையிலுள்ள நேரமும், 'டாக்' என்பதற்கும் அடுத்த 'டிக்' என்பதற்கும் இடையிலுள்ள நேரமும் சமமாக இல்லாவிட்டால், எவ்வளவு சுத்தமான யந்திரமும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். கூண்டின் அடிப்பாகத்தை இம்மியளவு இடமாகவோ வலமாகவோ நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் சுவரில் பென்சிலால் கோடிட்டுக்கொள்வது நல்லது.

இனி, எனக்கு மிகவும் பிரியமான பகுதி. சுத்தம் செய்து ஓடவிட்ட அந்த ஜெர்மானியக் கடிகாரம் நாள்தோறும் பின்தங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பூமியின் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருப்பதாலும், அங்கே சுழற்சி வேகம் மிகுந்திருப்பதாலும், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது; ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடுகிறது. யுங்ஹன்ஸ் பிறந்த ஷ்ராம்பெர்க் நகரம் 48 பாகை வடக்கே இருக்கிறது. ஆரம்பாக்கமோ பதின்மூன்றரைப் பாகையில். அங்கே சரியாக ஓடிய கடிகாரம் இங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பிந்தவேண்டும் என்பது கணக்கு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம், இந்த வித்தியாசத்தை அளப்பதற்காகவே 1821-இல் ஒரு நொடி ஊசலின் நீளத்தை மிகுந்த பிரயத்தனத்தோடு கணித்தார். நமக்கு அவ்வளவு சிரமமில்லை. 25 சென்டிமீட்டர் ஊசலில் குண்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் வேகம் கூடும். ஆகவே குண்டுக்குக் கீழேயுள்ள திருகாணியை மெல்லத் திருகி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அதை ஏற்றினால், ஜெர்மானியக் கடிகாரம் நம்முடைய பூமிக்கு இசைந்துவிடுகிறது. அந்தத் திருகாணியைத் தொடும்போதெல்லாம், பூமியின் உருவத்தையே விரல்நுனியால் தொடுவது போன்ற ஒரு பரவசம் எனக்கு உண்டாகிறது.

மணியோசையில் குழப்பம் நேர்வதும் சகஜம். முள் 4-இல் நிற்க, மணி 9 அடிக்கும். பழைய கடிகாரங்கள் பலவற்றில் மணியை எண்ணும் தட்டு முட்களைப் பார்ப்பதே இல்லை. இந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைப் பாடு முறையில் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்கிறார்களே, அதுபோல அத்தட்டும் வரிசையை மட்டுமே அறியும். 8-க்குப் பிறகு 9-இன் முறை, அவ்வளவுதான். முட்களைப் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்ய முயல்வது யந்திரத்துக்குக் கேடு. உள்ளே மணிவரிசைக்கான கம்பியைச் சற்றே தூக்கிவிட்டால் கடிகாரம் அடுத்த எண்ணிக்கையை அடிக்கும். முள் காட்டும் மணி வரும்வரை அப்படியே அடிக்கவிடலாம். மணியின் ஓசை மழுங்கியிருந்தால், சுத்தியல் அடித்த பின்னும் கம்பிச்சுருளின்மேல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலிழை இடைவெளி விட்டால் நாதம் திரும்பிவிடும்.

எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு வாரத்தில் குறித்த ஒரு நாளில், இரண்டு வில்லுக்கும் தவறாமல் சாவி கொடுங்கள். வானொலியில் நேரம் அறிவிக்கும்போது நிமிட முள்ளை ஒப்பிட்டு, பிந்துகிறதா முந்துகிறதா என்பதைக் குறித்துவைத்து, அதற்குத் தக்கபடி குண்டை ஏற்றி இறக்குங்கள். உப்புக்காற்று வீசும் வீடாயின், இரண்டாண்டுக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிது வைக்கவேண்டும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம்.