காவி வெள்ளையாகும் நாள்

சித்திரை வந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில், "கோயில் பக்கம் போகாதீங்க, டிராஃபிக்" என்றுதான் செய்தி வருகிறது. 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர் இது. சித்திரைத் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் அவதார உற்சவம். அதில் ஒருநாள் காவியை மாற்றி அவருக்கு வெள்ளை சாத்துவார்கள். சோழனுக்குத் தப்பி, வெள்ளை உடுத்தி மேல்கோட்டைப் பக்கம் போனதன் நினைவு. அவருடைய காவியை உடுத்தி அரசவைக்குப் போன கூரத்தாழ்வான் கண்ணிழந்தார் என்கிறது குருபரம்பரை. கூரம் வேறெங்கோ இல்லை, காஞ்சிபுரம் பக்கம்தான். வேடம் கட்டிக் கொண்டாடும் திருவிழாக்கள் உலகெங்கும் உண்டு. இது உயிர்காக்கப் போட்ட வேடம். ஒரகடம் ஷிப்டுக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்து நம் பிளாக்குகளில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வண்டியை வீட்டில் விட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தே வாருங்கள்.