சேற்றுக் காலும் வெடித்த காலும்



மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வாழ்கிற எங்களுக்குக் காலை நம்பித்தான் பிழைப்பு. படுவான்கரையில் வயல் வட்டைக்குள் இறங்கிக் களை பிடுங்குகிறவர், இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவர், எழுவான்கரையின் கொதிக்கிற மணலில் நின்று கரைவலை இழுக்கிறவர், மருதமுனையில் தறியின் மிதியைப் பகல் முழுக்க மிதிக்கிறவர் எல்லோருக்கும் பொழுதுபட்டால் ஒரே முறைப்பாடு: கால் உழையுது. கைக்கு வளையல், கழுத்துக்குச் சங்கிலி என்று மற்ற உறுப்புகளுக்கு ஏதோ கிடைக்கிறது. காலைக் கழுவிவிட்டு மறந்துவிடுகிறோம். அதனால் இன்றைய உரை முழுவதும் காலுக்காகத்தான். வீட்டு வளவுக்குள் கிடைக்கிற இலை குழையைக் கொண்டு, களைத்துக் காய்ந்த பாதத்துக்கு ஒரு மூலிகைத் தண்ணீர் வைப்பது எப்படி என்று சொல்லப் போகிறேன்.

ஆனால் பேசினை எடுத்து வைக்க முன்னர் ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் கால் தண்ணீர் கூடிக் கெட்ட காலா, தண்ணீர் இல்லாமல் கெட்ட காலா? இதைப் பாராமல் எல்லாக் காலையும் சுடுதண்ணீரில் ஊறவைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பாதிப் பேருக்கு அதனால் நன்மை. மீதிப் பேருக்குப் புண் கூடுகிறது.

கார்த்திகை, மார்கழி மாதத்தில், பெரும்போக வயலால் வந்து கிணற்றடியில் நின்று கால் கழுவுகிற ஒரு பெண்ணின் பாதத்தைக் கிட்ட இருந்து பாருங்கள். சேறு கழன்ற பிறகு உள்ளங்கால் வெளுத்து, ஊறி, மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கிக் கிடக்கும். விரல்களை விரித்தால் இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருக்கும். தேய்த்தால் எரியும். இதைத்தான் சேற்றுப்புண் என்கிறோம். அதே பெண்ணைச் சித்திரை, வைகாசியில் பாருங்கள். குதியோரம் தோல் தடித்து, மஞ்சளித்து, குறுக்காகப் பிளந்திருக்கும். பிளவுக்குள் புழுதி ஏறிக் கறுத்த கோடுகளாய்த் தெரியும். நடக்கும்போது சேலைக் கரை அந்தப் பிளவில் மாட்டி இழுபடும். பெயர் பித்தவெடிப்பு. கால் ஒன்றுதான், வருத்தம் இரண்டு.

மாரியில் ஊறிப்போன காலை வீட்டுக்கு வந்தும் அரை மணி நேரம் ஊறவைத்தால் என்ன ஆகும்? இதற்கு உலகம் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. முதலாம் உலகப் போரில், 1914ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தண்ணீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நாட்கணக்காக நின்ற பிரித்தானியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கால் அழுகிப் போர்முனையை விட்டுத் திரும்பினார்கள். பிறகு படையில் ஒரு கட்டளை வந்தது. ஒவ்வொருவரும் காலைத் துடைத்துக் காயவைத்து, திமிங்கில எண்ணெய் பூசி, காய்ந்த காலுறை மாற்ற வேண்டும். அதைச் செய்தார்களா என்று அதிகாரிகள் காலைப் பார்த்தே சோதித்தார்கள். வியட்நாம் போரில் இதே தொல்லை வெப்பநாட்டு வயல்களில் வந்தது. அமெரிக்கப் படை வைத்தியர்கள் அதை நெல்வயல் கால் என்றே அழைத்தார்கள். அங்கேயும் கண்ட வழி அதேதான்: இரவில் காலை நன்றாகக் காயவிடு, நனைய முன்னர் கொழுப்புப் பசை பூசு.

எங்கள் வட்டைக்காரருக்கும் அதுவே பொருந்தும். மாரிக் காலத்தில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு அடுப்படிச் சூட்டிலோ காற்றோட்டத்திலோ கொஞ்ச நேரம் காலை நீட்டிக் காயவிடுங்கள். மூலிகை வேண்டுமென்றால் வேப்பிலை அவித்து ஆறின தண்ணீரால் கடைசியாக ஒரு தரம் அலசலாம், அதற்கு மேல் ஊறவைக்க வேண்டாம். விடிய வயலுக்கு இறங்க முன்னர் தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசிக்கொண்டு போங்கள். புண் ஆறாமல் பரவினால் அது பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு வைத்தியசாலையில் பூச்சு மருந்து உண்டு.

வயல் காலைப் பற்றிப் பேசும்போது எலிக்காய்ச்சலைச் சொல்லாமல் போனால் அது குற்றம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இருக்கிற கிருமி, வெடிப்பாலும் கீறலாலும் ஊறி மென்மையான தோலாலும் உடம்புக்குள் போகிறது. 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஏழாயிரம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடித்த குதியோடு சேற்றில் இறங்குவது வாசல் கதவைத் திறந்துவைத்துக் கிருமியை வரச்சொல்வதுதான். பெரும்போகம் தொடங்க முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். ஆபத்தான இடங்களில் வேலை செய்கிற விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் குளுசை கிழமைக்கு ஒரு தரம் கொடுக்கிறார்கள். அதை அவர்களின் சொற்படி மட்டும் எடுங்கள். வயலில் இறங்கி நாட்கள் போன பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், மூலிகைக் குடிநீர் காய்ச்சிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி, காய்ந்த காலுக்கு வருவோம். எங்கள் தோலில் மற்ற இடங்களில் எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்காலில் அவை இல்லை, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். ஆகவே கோடைக் காற்றும் மணலும் உப்புத்தண்ணீரும் உள்ளங்காலின் ஈரத்தை உறிஞ்சினால், அதை ஈடுசெய்ய உடம்பிடம் எண்ணெய் கிடையாது. உடம்புப் பாரம் விழுந்து விழுந்து குதித் தோல் தடிக்கிறது. தடித்த தோல் காய்ந்தால் வளையாது, பிளக்கும். அப்படியானால் வைத்தியம் இரண்டு படி. முதலில் தோலுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு அந்தத் தண்ணீர் போகாமல் எண்ணெயால் மூட வேண்டும். எங்கள் வீடுகளில் முதற்படியைச் சிரத்தையாய்ச் செய்துவிட்டு இரண்டாம் படியை விட்டுவிடுகிறார்கள். ஊறவைத்து எண்ணெய் பூசாமல் விட்ட கால், ஊறவைக்காத காலை விடக் கூடுதலாய்க் காயும்.

தண்ணீர் வைக்கிற விதத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நொச்சி இலை இரண்டு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. இலைகளை மண் போகக் கழுவி, இரண்டு லீற்றர் தண்ணீரில் போட்டு, மூடி போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடி முக்கியம். நொச்சியின் வாசம் ஆவியோடு போய்விடக் கூடாது. வடித்தெடுத்துப் பேசினில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குறையுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் செய்வதுபோல முழங்கையை விட்டுப் பாருங்கள், இதமாய் இருந்தால் சரி. நாற்பது பாகைக்கு மேல் சூடு வேண்டாம். தண்ணீர் கணுக்கால் மூட நின்றால் போதும். பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. நொச்சி கிடைக்காவிட்டால் பாவட்டை இலையைப் போடலாம். அதுவும் இல்லையென்றால் வேப்பிலை மட்டும் போதும்.

வேப்பிலைத் தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது, மதுரையை எரித்த அம்மனின் கோபம் ஆற வேப்பிலையும் தண்ணீரும்தான் வைக்கிறோம். ஆனாலும் இலையின் வேலையைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேம்பிலும் மஞ்சளிலும் கிருமியைத் தடுக்கிற பொருள்கள் உள்ளன என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பத்து நிமிடம் ஊறுகிற காலில் அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது வேறு கதை. தோலை மென்மையாக்குவது தண்ணீர். உழைவைக் குறைப்பது சூடு. நொச்சியின் வாசமும், பத்து நிமிடம் ஒருவரும் கூப்பிடாமல் இருக்கக் கிடைப்பதும் களைப்புக்கு நல்லது. வயலால் வந்து நேரே அடுப்படிக்குப் போகிற பெண்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தை வீட்டில் மற்றவர்கள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். கலியாண வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவுகிறானே, அந்த மரியாதையில் கொஞ்சம் உழைத்து வந்த காலுக்கும் கிடைக்கட்டும். தேத்தண்ணியை ஒரு நாள் ஆம்பிளைகள் ஊற்றினால் போதும்.

சேர்க்கக் கூடாததையும் சொல்கிறேன். தேசிக்காய் பிழிந்து விடுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது, அதை நான் விரும்பவில்லை. வெடிப்பில் எரிவது ஒருபுறம் இருக்க, தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்த தழும்பு விழும். எங்கள் ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும். உப்பும் கைப்பிடி கைப்பிடியாய் வேண்டாம். உப்பு தோலைக் காயவைக்கும். வாவித் தண்ணீரில் நாள் முழுக்க நின்றவருக்கு உப்புக்கு என்ன குறை?

ஊறிய பிறகு, தடித்த தோலைக் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் மெதுவாய்த் தேயுங்கள். பிளேட்டால் சீவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதை விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளில் போகட்டும். துவாயால் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்க உலர முன்னரே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், குதியிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் பூச வேண்டும். விரலிடுக்கில் மட்டும் பூச வேண்டாம், அது காய்ந்தே இருக்கட்டும்.

வெறும் எண்ணெயை விட மெழுகெண்ணெய் நன்றாய் நிற்கும். தேங்காயெண்ணெய் நாலு கரண்டிக்குத் தேன்மெழுகு ஒரு கரண்டி. காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு சிறிய கிண்ணத்தை வைத்து அதில் உருக்குங்கள், நேரே நெருப்பில் வைக்க வேண்டாம். உருகியதும் இறக்கிப் போத்தலில் ஊற்றினால், ஆறும்போது வெண்ணெய்ப் பதமாய் இறுகிவிடும். இலுப்பெண்ணெய் உள்ள வீட்டில் அதில் ஒரு கரண்டியைத் தேங்காயெண்ணெய்க்குப் பதிலாய்ச் சேர்க்கலாம். எண்ணெயும் மெழுகும் சேர்த்த இந்தக் கலவை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் செய்த கேலன் என்பவரின் பெயரில் இன்றும் மேல்நாட்டு மருந்து நூல்களில் இதன் ஒரு வகை சொல்லப்படுகிறது. படுக்கப் போகும்போது பூசி, பழைய பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுங்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஊறவைத்தால் போதும். எண்ணெய் மட்டும் ஒவ்வொரு இரவும் வேண்டும்.

கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் ஒரு சொல். செல்வச் சந்நிதியில் தொடங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் கடந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காட்டுக்குள்ளால் நடக்கிற பயணம் அது. எங்கள் ஊரால் போகிற அடியார்களுக்கு மோரும் சோறும் கொடுக்கிறோம், பேசினில் சுடுதண்ணீரும் வைக்கிறோம். இரவு தங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கால் ஊறின கையோடு திரும்ப நடக்க விடாதீர்கள். ஊறி மென்மையான தோலில் கொப்புளம் சுறுக்காக எழும்பும்.

வலை எறிகிறவர்களுக்குக் கெளிறு முள் குத்தினாலும் திருக்கை அடித்தாலும் சுடுதண்ணீரில் காலை வைப்பது சரியான முதலுதவிதான், அந்த நஞ்சின் நோவைச் சூடு தணிக்கும். தண்ணீர் பொறுக்கக்கூடிய சூட்டில் இருக்க வேண்டும், குத்துப்படாத மற்றக் காலால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வைத்தியசாலைக்குப் போய் முள் உடைந்து நிற்கிறதா என்று காட்டுங்கள், ஏற்பு ஊசியும் வேண்டியிருக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நான் இதுவரை சொன்ன ஊறவைப்பு எதுவும் வேண்டாம். அம்மா, ஐயா, இதைக் கவனமாய்க் கேளுங்கள். இந்த வருத்தத்தில் கால் நரம்பு மரத்துப்போவதால் சூடு தெரியாது. வெந்துபோன பிறகுதான் கொப்புளத்தைக் கண்ணால் காண்பீர்கள். ஆறாத புண் கடைசியில் விரலை, காலை எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினால் போதும். தண்ணீரின் சூட்டை வேறொருவர் பார்க்கட்டும். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கீறல், நிறமாற்றம், வீக்கம் எது தெரிந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். வெடிப்பில் இரத்தம் வருகிற, சீழ் பிடித்த காலை மற்றவர்களும் ஊறவைக்கக் கூடாது, காட்டித்தான் ஆக வேண்டும்.

மெழுகெண்ணெயைத் தண்ணீர் படாத போத்தலில் மூடிவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு போத்தல் வீட்டில், ஒன்று வயல் வாடியில், ஒன்று தோணிக்குக் கொண்டுபோகிற பையில். ஈரக் கையை மட்டும் உள்ளே விட வேண்டாம்.