லேப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

(நமது அறக்கட்டளை தாம்பரத்தில் நடத்திய பிளஸ் டூ மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், மருத்துவமனை லேப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பெற்றோர்களே, பிள்ளைகளே! போன வருடம் நம் பகுதிப் பெண் ஒருத்தி என்னிடம் வேலை கேட்டு வந்தாள். இரண்டு வருடம் படித்து வாங்கிய சர்டிபிகேட்டை நீட்டினாள். அது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாத இன்ஸ்டிடியூட். தாயாரின் வளையலை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ். நன்றாக ரத்தம் எடுக்கத் தெரிந்த பிள்ளை. ஆனாலும் என்னால் வேலை தர முடியவில்லை.

"பிசியாலஜி, பேத்தாலஜி டிகிரிக்கு எந்தக் காலேஜ் நல்லது?" என்று பலர் கேட்கிறீர்கள். பிசியாலஜி என்பது உடல் இயங்கும் விதம், பிசியோதெரபி வேறு. பேத்தாலஜி, நோயால் உடலில் ஏற்படும் மாற்றங்களைப் படிப்பது. பேத்தாலஜி டாக்டராக வேண்டுமானால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அதன்பின் 3 வருட எம்.டி. படிக்க வேண்டும். அது முடியாதவர்களுக்கு பி.எஸ்சி. எம்.எல்.டி. இருக்கிறது. இந்த இரண்டு பாடங்களும் அதில் உண்டு. பயிற்சி சேர்த்து 4 வருடம். தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை நடந்து வருகிறது. ஆனால் எம்.எல்.டி. படித்தவர் டாக்டர் அல்ல. இதைத் தெரிந்தே சேருங்கள்.

கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பட்டம் தருவது யார்? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால், அது கிண்டியில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நேரில் போய், அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கே அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. பட்டியலில் பாருங்கள்.

இரண்டு, பயிற்சி எந்த மருத்துவமனையில்? உள்நோயாளிகள் நிறைந்த இடமாக இருக்க வேண்டும். நாலு மைக்ராஸ்கோப் உள்ள அறை போதாது.

மூன்று, வேலைக்குப் பதிவு கிடைக்குமா? 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் லேப் பணியும் அடங்கும். அங்கீகாரம் இல்லாத படிப்பை நம்பிப் பதிவு கேட்க முடியாது.

அரசு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு மூலம் விண்ணப்பியுங்கள். நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழில் வெறும் "முஸ்லிம்" என்றிருந்தால் போதாது. லெப்பை, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவு இருக்க வேண்டும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள்.

நகை உங்கள் உழைப்பு. ஜகாத் பணம் அமானிதம். இரண்டில் எதைக் கட்டுவதானாலும் கட்டுவதற்கு முன் கல்லூரியின் பெயரை எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து விசாரிப்போம். கட்டிய பிறகு வந்தால் என்னால் துஆ மட்டுமே செய்ய முடியும்.