அட்டையில் கட்டிய மூன்று மாடி

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று காலையில் ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், பொம்மைதான். மேஜைமேல் விரற்கடை உயர வீரர்களை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தம் மன்னருக்கு அளித்த ஆட்டத்தில், மேடுபள்ளம் தெரியும் நிலத்துண்டுகளை மேஜையில் அடுக்கினார்கள். 1824-இல் அவர் மகன் அதை வரைபடத்துக்கு மாற்றினார். ராணுவம் ஏற்றது அதைத்தான். 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, பலகையும் மரக்கட்டையுமாக வீட்டுத் தரைக்கே ஆட்டத்தைக் கொண்டுவந்தார். 1995-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'நெக்ரோமுண்டா' அதை மாடிமேல் மாடியாக ஏற்றிவிட்டது. அதற்கான மாடிகளைத்தான் நான் வீட்டில் செய்கிறேன்.

இதில் கட்டுகிறவன்தான் பாதி விதியை எழுதுகிறான். உச்சி மாடிக்கு ஒரே ஒரு ஏணி வைத்தீர்களா, போச்சு! முதலில் ஏறினவன் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொள்வான். எதிராளி பகடையை உருட்டுவது வீண். எனவே எந்த மாடிக்கும் இரண்டு வழி, அதுவும் எதிரெதிர் மூலையில். மேலே இருப்பவன் கண்ணுக்கு மேஜை முழுக்கத் தெரியக்கூடாது. நடுவே ஒரு சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கட்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் நாலு மாடிக் கோபுரம் கட்டினார். ஜன்னல் என்ன, கைப்பிடி என்ன! பார்த்தவர் எல்லாரும் சொக்கிப் போனார்கள். ஆட்டத்தன்று யார் கையும் உள்ளே நுழையவில்லை. தளங்களை ஒட்டியே வைத்துவிட்டார். பாவம், ஒரு மாத உழைப்பு. இப்போது அலமாரியில் இருக்கிறது.

வீரன் உயரம் ஏறக்குறைய 3 செ.மீ. தளத்துக்குத் தளம் 7.5 செ.மீ. விட்டால் விரல் நுழையும். டிபன் கேரியர் போல ஒவ்வொரு மாடியும் தனியே கழல வேண்டும். சிவில் துறையினர் மன்னிக்க: இங்கே தூண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வீரனின் அடித்தட்டு 25 மி.மீ. என்றால் படிக்கட்டின் அகலம் அதற்குக் குறையக்கூடாது. குறைந்தால் உருண்டு விழுவான். கைப்பிடிச் சுவர் ஒன்றரை செ.மீ. இருந்தால் இடுப்புவரை மறையும்.

தெர்மோகோலை வெட்டினால் மணிமணியாக உதிரும். அது அடியில் குன்றுக்குப் போதும். தளத்துக்குப் பழைய அட்டைப்பெட்டி. இரண்டு அட்டைகளை வரிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஃபெவிகாலில் ஒட்டிப் புத்தகம் அடுக்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்தால் அப்பளம் மாதிரி வளையும். இரு பக்கமும் அடியுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மோகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகால் கலந்த கறுப்பு வண்ணத்தைத் தூரிகையால் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு மேலாகத் தடவினால் விளிம்பெல்லாம் எழுந்து நிற்கும். தீர்ந்துபோன ரீஃபில் குழாயாகும். ஐஸ் குச்சி பாலமாகும்.

அரங்க வாசலில் மூன்று மாடி ஒன்றை வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் வந்து கழற்றிப் பாருங்கள். பகடையும் ஸ்கேலும் அங்கேயே இருக்கின்றன.