ஆண்டு நிறைவும் அடுத்த மாதச் சம்பளமும்

(கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மாதர் பகுதிக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் பிள்ளையின் முதல் பிறந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்களே என்று பின்வரிசையில் இருக்கும் தம்பிமார் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். நாம் பேசப்போவது சம்பளத்தைப் பற்றித்தான். சம்பளம் வீட்டுக்குள் வந்த பிறகு எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்பதும் சங்கத்தின் விஷயமே.

ஆபீசில் சம்பளப் புத்தகம் எழுதுகிறவர்கள் நாங்கள். எந்த வீட்டில் எந்த மாதம் முன்பணம் கேட்கிறார்கள் என்பது எங்கள் பேனாவுக்குத் தெரியும். தீபாவளிக்குக் கேட்பார்கள், பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரியிலோ மார்ச்சிலோ கேட்பார்கள். இவை பழைய கணக்குகள். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பிள்ளைக்கு ஒரு வயது நிறைகிறது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டும்! வேலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. முந்திய மாதம் சம்பாதித்த தொகைக்கு மேல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது பொது விதி. வீடு, நிலம், மோட்டார் சைக்கிள், மருத்துவம், கல்வி போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிறந்த நாள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, ஆபீசில் கிடைக்காதது வட்டிக்காரரிடம் கிடைக்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். வாரக் கணக்கில் வட்டி கேட்டு இரவில் லயத்துக்கு வருகிறவன் எந்தச் சட்டத்தைப் படித்தான்?

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 187 வெள்ளி போனால் 1,513. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மாதம் 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. மண்டபம், மேடை அலங்காரம், பலூன் வளைவு, மூன்று அடுக்குக் கேக், வெளியிலிருந்து சாப்பாடு, ஒலிபெருக்கி, படம் பிடிப்பவர் எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது 46 நாள் கூலி. மலைச் சரிவில், மழையில், முதுகில் சுமையோடு 46 நாள்! அதைப் பிள்ளை மூன்று மணி நேரம் அழுது தீர்த்துவிடுகிறது. ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒலிபெருக்கியும் பிடிக்காது, கூட்டமும் பிடிக்காது என்பதைத் தாய்மார் அறிவீர்கள்.

"எதிர் லயத்துப் பிள்ளைக்கு மண்டபத்தில் செய்தார்கள், நம் பிள்ளை மட்டும் என்ன குறைச்சலா?" என்று பாட்டிமார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் சிக்கனம் என்ற பெயரில் ஆண்டு நிறைவையே விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த நாளுக்கு இருக்கும் மதிப்பு வெறும் ஆடம்பரத்தால் வந்ததன்று. நம் பாட்டன்மார் ரப்பர்க் காடுகளுக்கு வந்த காலத்தில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் லயங்களில் கூடவே குடியிருந்தன. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் கொசுவை ஒழிக்க வடிகால் வெட்டத் தொடங்கிய பிறகும், தோட்டங்கள் பலவற்றுக்கு அந்த நன்மை வந்து சேர வெகு காலம் ஆயிற்று. பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ ஓராண்டைக் காணாமலே போயின. ஒரு வயது நிறைந்தால் ஆற்றைக் கடந்துவிட்ட மாதிரி. அந்த மகிழ்ச்சியில்தான் மொட்டை, காதுகுத்து, தாய்மாமன் மடி எல்லாம். இந்த எண்ணம் நம்மோடு நிற்பதும் இல்லை. சீனர்கள் முதல் பிறந்த நாளில் பிள்ளையின் முன்னால் பொருள்களைப் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். கொரியா நாட்டிலும் 'தோல்' என்ற பெயரில் முதலாண்டு விழாவில் அதையே செய்கிறார்கள். அங்கே பிள்ளை நூலை எடுத்தால் நீண்ட ஆயுள் என்பார்கள். காசில்லாத விளையாட்டு அது. நம் வீட்டிலும் ஒரு பாயை விரித்துச் செய்யலாம். புத்தகம், பேனா, பந்து, ஒரு சிறு தேயிலைப் பொட்டலம் வைக்கலாம். கத்தியும் கொழுந்து வெட்டும் கத்தரியும் பாயின் பக்கம் வரக்கூடாது. துரையின் தொப்பியை வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்யட்டும்!

இனி 'தீம்' என்ற விஷயத்துக்கு வருவோம். விழா முழுவதையும் ஒரே பொருளைச் சுற்றி அமைப்பதற்கு அந்தப் பெயர். இளவரசி என்பார்கள், காட்டுக்குள் விலங்குகள் என்பார்கள், திரைப்பட பொம்மை என்பார்கள். அதற்கான துணியும் அட்டையும் வாடகைக்கு வருகின்றன, வாடகையும் கூடவே வருகிறது. ஒருவர் எங்களிடம் ஸ்ட்ராபெரி தீம் என்றார். நல்லதுதான், ஆனால் இங்கே ஸ்ட்ராபெரிக்குச் சுற்றுலாக்காரர் விலை! நம் கண் முன்னாலேயே ஒரு தீம் இருக்கிறதே, தோழர்களே. உலகமெங்குமிருந்து வந்து நம் மலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரஸ்ஸல் துரை 1929ஆம் ஆண்டில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காடு வெட்டி இந்தப் பச்சையை உண்டாக்கிய கைகள் யாருடையவை? அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைக்குத்தானே விழா? கொழுந்தே தீமாக இருக்கட்டும். பச்சை இலை, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைத் தேயிலைப் பூ. இரண்டு நிறக் காகிதம் போதும். அழைப்பு அட்டையை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பள்ளிப் பிள்ளைகள் வெட்டிக் கொடுப்பார்கள். மேடைக்குப் பின்புறம் தாயின் கலியாணப் பட்டுச் சேலையைக் கட்டினால் எந்த வாடகைத் துணியும் அதன் பக்கத்தில் நிற்காது. கத்தரியும் இயந்திரமும் வந்த பிறகு பழைய கொழுந்துக் கூடைகள் சில வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உள்ளே கம்பளியை மடித்துப் போட்டுப் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுங்கள். பாட்டி முதுகில் சுமந்த கூடையில் பேரப்பிள்ளை! கவாத்து வெட்டிய குச்சிகளை ஜாடியில் வைக்கலாம், ஆனால் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பூப்பண்ணைகளில் காம்பு குட்டையான சாமந்தியைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

பலூனைப் பற்றி ரப்பர்த் தோட்டத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1824ஆம் ஆண்டில் லண்டனில் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரங்களை ஒட்டி, வாயுவை நிரப்பிச் சோதனை செய்தார். முதல் ரப்பர்ப் பலூன் அதுதான். அப்போது மலாயாவில் நாம் வெட்டும் ரப்பர் மரமே கிடையாது. 1877இல்தான் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. இன்றைய பலூனும் விடியற்காலையில் நீங்கள் வெட்டி இறக்கும் பாலிலிருந்து வருவதே. ஆகவே பலூனை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் வெடித்த பலூன் துண்டு சிறு பிள்ளையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். உயரக் கட்டுங்கள், வெடித்த துண்டை உடனே பொறுக்குங்கள். வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் அப்படியே. நட்சத்திர நாள் ஆங்கிலத் தேதிக்குச் சில நாள் முன்னதாகவும் வரலாம். அப்படி வந்தால் பிள்ளையின் நாவில் தேன் தடவ வேண்டாம். ஒரு வயது முழுதாய் நிறையுமுன் தேன் கூடாது என்பது மருத்துவர் சொல்.

நட்சத்திரத்துக்கு ஒரு விழா, தேதிக்கு ஒரு விழா என்று இரண்டு செய்வது நம்மிடம் பரவி வருகிறது. நட்சத்திரத்தன்று கோயிலில் ஓர் அர்ச்சனை போதும். விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள், அதுவும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறாக இருக்கட்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இரண்டாம் ஞாயிறுக்குள் கையில் காசு வந்திருக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்துவிடுங்கள். பிற்பகலில் மூடுபனியும் மழையும் எப்போது வரும் என்று நம் மலையில் யாருக்கும் தெரியாது. பள்ளி விடுமுறை நாளை விலக்குங்கள். பிரிஞ்சாங் சாலையில் கார்கள் வரிசையாக நின்றுவிட்டால், தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறிவரும் தாய்மாமன் கேக் வெட்டி முடித்த பிறகுதான் வந்து சேர்வார். அப்புறம் அந்தக் கோபத்தை ஆறு மாதம் ஆற்றவேண்டும்!

செலவு 500 வெள்ளி என்று முதலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எட்டு நாள் கூலிகூட இல்லை. நாற்பது பேருக்குச் சாப்பாடு, தலைக்கு ஏழு வெள்ளி வீதம் 280. பிள்ளையின் உடுப்பும் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் 60. கேக் 50. தாளும் நூலும் பலூனும் 40. அர்ச்சனை 20. மீதி 50 வெள்ளியில் கைத்தொலைபேசியில் மாதந்தோறும் எடுத்த படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்து அச்சுப் போட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். விழாவில் எல்லாரும் நின்று பார்ப்பது அந்தச் சுவரைத்தான். சாப்பாடு சைவமாக இருப்பது நல்லது. விலை குறைவு என்பது ஒரு காரணம். முட்டைக்கோசும் காரட்டும் நம் காலடியில் விளைகின்றன. இன்னொரு காரணம், பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தோழர்கள். சொந்தப் பிள்ளையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருக்கிறவர்கள் அவர்களில் பலர். சைவச் சாப்பாடு என்றால் தயங்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரலாம். ஒரு நிமிஷம் நம் பிள்ளையை அவர்களும் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். கோழி இல்லாமல் மாமா சாப்பிடமாட்டார் என்றால், கேக்கைப் பாதியாக்கிக் கோழியை வாங்குங்கள்; 500 என்ற கோடு மட்டும் நகரக் கூடாது.

மொய்யைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடாத கார் பொம்மைகள் ஒன்பது வருவதைவிட, பிள்ளையின் பெயரில் கல்விச் சேமிப்பாகிய எஸ்எஸ்பிஎன் கணக்கு ஒன்றைத் திறந்து, கொடுக்கிறவர்கள் அதில் போடட்டும் என்று அழைப்பு அட்டையிலேயே எழுதிவிடலாம். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தால் சங்கக் கிளை உங்களுக்காக எழுதித் தரும்.

தாய்மார்களே, விழாவுக்கு முன் பார்க்கவேண்டிய காகிதங்கள் இரண்டு உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழ். 60 நாளுக்குள் பதியவேண்டியதைப் பதியாமல் விட்டு, பள்ளியில் சேர்க்கும் வயதில் ஓடுகிற குடும்பங்களைத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். கேக்கில் பெயர் எழுதியிருக்கிறது, அரசாங்கத்தின் ஏட்டில் இல்லை என்றால் எப்படி? மற்றொன்று கிளினிக் புத்தகம். ஒன்பதாம் மாதம் போட்ட எம்எம்ஆர் ஊசியின் இரண்டாம் முறை, பன்னிரண்டாம் மாதத்தில் வருகிறது. தட்டம்மைக்கான ஊசி அது. விழாவின் அவசரத்தில் அதை மறந்துவிடக் கூடாது.

பிரசவ விடுப்பு 60 நாள் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொன்னது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாள். தகப்பனுக்கும் ஏழு நாள் உண்டு. இன்று ஆண்டு நிறைவு காணும் பிள்ளைகள் அந்த 98 நாளைத் தாயின் மடியில் கழித்த பிள்ளைகள். தகப்பன்மாரில் எத்தனை பேர் அந்த ஏழு நாளைக் கேட்டு வாங்கினீர்கள்? கையைத் தூக்குங்கள்... மூன்று பேர்தானா? கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் எங்களிடம் வாருங்கள், அதற்கு விதி என்ன என்று சொல்லுகிறோம்.

நம் லயங்களில் இன்னும் மூன்று மாதத்துக்குள் நான்கு பிள்ளைகளுக்கு வயது நிறைகிறது. பச்சைத் தாள் தோரணம், விரிக்கும் பாய், கழுவிய கூடை ஒன்று, தகரப் பெட்டியில் போட்டு ஆயாக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். கோயில் அண்டாவுக்கும் தம்ளர்களுக்கும் தலைவர் அண்ணனிடம் சொல்லியாயிற்று. முதலில் வேண்டுகிறவர்கள் ஆயா அம்மாளிடம் பெயர் கொடுங்கள். முடிந்ததும் தோரணத்தைக் கிழிக்காமல் மடித்துத் திருப்பி வையுங்கள்; அடுத்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமையே வேண்டும்.