பொருளாதாரத் தடையும் போர்க்கால மனித உரிமையும்

மாஹிம் கழிமுகத்தை அடுத்த தாராவியில் தோற்பொருள், ஆடை தயாரிக்கும் சிறு பட்டறைகள் பல உள்ளன. வெளிநாட்டுக் கொள்முதல் நின்றால் முதலில் வேலை இழப்பவர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரே. போர்க்கால உரிமை மீறல்களுக்கு எதிரான பொருளாதார நடவடிக்கைகளை ஆராயும்போது அவரை மறந்துவிடலாகாது.

இலங்கை இதற்குத் தக்க சான்றாகும். மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றும் வளரும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ‘ஜி.எஸ்.பி. பிளஸ்’ என்னும் சுங்கவரிச் சலுகை அளிக்கிறது. சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று உடன்படிக்கைகளை இலங்கை உரியவாறு நிறைவேற்றவில்லை என்பது 2008-இல் தொடங்கிய விசாரணையின் முடிவு. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. இது வணிகத் தடையன்று, சலுகை நீக்கமே. எனினும் அதன் சுமை, பெண்கள் பெரும்பான்மையாகப் பணிபுரியும் ஆடைத் தொழிலைச் சார்ந்தது. 2017 மே மாதம் சலுகை மீண்டும் வழங்கப்பட்டது. போர்க்காலக் குற்றங்களை விசாரிக்க 2015-இல் வாக்களிக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றமோ அப்போதும் அமைக்கப்படவில்லை.

பின்னர் நாட்டை விடுத்துத் தனிமனிதரை நோக்கும் முறை வலுப்பெற்றது. கனடா 2023 ஜனவரியில் முன்னாள் குடியரசுத் தலைவர் இருவர் உள்ளிட்ட நால்வர் மீது தடை விதித்தது. பிரிட்டன் 2025 மார்ச்சில் முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும், விடுதலைப் புலிகளின் முன்னாள் தளபதி ஒருவர் மீதும் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது.

இம்முறையில் தொழிலாளியின் ஊதியம் காக்கப்படுகிறது; இரு தரப்பினரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். ஆயினும் சொத்து முடக்கம் தீர்ப்பாகாது. காணாமற்போனோரின் குடும்பங்கள் வேண்டுவது உண்மையும் நீதியுமே. தடை அவற்றுக்கு வழி திறக்கும் கருவியாக அமைதல் வேண்டும். அவற்றுக்கு ஈடாகக் கொள்ளப்படலாகாது.