சி.இ.ஏ. 5.8
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

 

பெருங்குடல் புற்றுநோய்க்கு எனக்கு ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும் கண்டறிந்த புரதம் அது. சேலத்திலிருந்து பிரிந்து நம் தருமபுரி தனி மாவட்டமானதும் அதே 1965-தான்!

5-க்குள் இருந்தால் பொதுவாக நிம்மதி. எனக்கு 2.9, 3.4 என்று வந்துகொண்டிருந்தது, ஜனவரியில் 5.8. ஆனால் நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல அது மட்டும் போதாது. புகைப்பவர்களுக்கும், கல்லீரல் கோளாறு, குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் ஏறும். லேப் மாறினாலே எண் மாறலாம். சிலருக்கு நோய் திரும்பியும் ஏறாது. அதனால்தான் சி.டி. ஸ்கேன், கொலனோஸ்கோப்பி இரண்டையும் டாக்டர்கள் விடுவதில்லை.

வங்கியில் ஒருநாள் பேலன்ஸைப் பார்த்து யாருக்கும் கடன் கொடுத்ததில்லை, ஸ்டேட்மென்ட் கேட்போம். டாக்டரும் அப்படித்தான், ஒரு மாதம் கழித்து அதே லேபில் மறுபடி எடுக்கச் சொன்னார். அந்த ஒரு மாதம் இருக்கிறதே! வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, டி.வி. சத்தம் மட்டும் கூடியது.

பிப்ரவரியில் 5.1. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று டாக்டராலும் இப்போது சொல்ல முடியவில்லை.

இதே மாதிரி ரிப்போர்ட்டோடு தூங்காமல் இருப்பவர்கள் மாலையில் மொட்டைமாடிக்கு வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். "உடம்பு எப்படி சார்?" என்று கேட்பவர்களுக்கு மே மாதம் சொல்கிறேன்.